நடைமுறையிலுள்ள மத்திய வெப்ப அமைப்புடன் பாய்லர் அடுப்பை இணைத்தல்

குளிர் மிகுந்த நாடுகளில், ஓர் அறையில் கணப்பு மூட்டி வீட்டார் அனைவரும் அதனைச் சுற்றி அமர்ந்து குளிர் காய்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் பெரும்பாலான வீடுகளில் மத்திய வெப்ப அமைப்பு உள்ளது. ஒரே இடத்தில் நீரைச் சுடவைத்து, அந்நீரைக் குழாய்களின் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்பி, சுவரோரத்தில் பொருத்திய ரேடியேட்டர்கள் என்னும் உலோகத் தகடுகளின் வாயிலாக அறைக் காற்றைச் சூடாக்குவதே இவ்வமைப்பின் வேலையாகும். நீரைச் சுடவைக்க எரிவாயுவாலோ எண்ணெயாலோ இயங்கும் கொதிகலன் பெரும்பாலும் பயன்படுகிறது.

எரிபொருளின் விலை ஏறும்போதும், மின்தடை நேரும்போதும் இவ்வீட்டார் விறகையே மீண்டும் நாடுகின்றனர். 2022ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் எரிவாயுவின் விலை பெரிதும் உயர்ந்தபோது இந்நாட்டம் வலுப்பெற்றது. முன்னரே உள்ள குழாய்களையும் ரேடியேட்டர்களையும் மாற்றாமல், விறகால் எரியும் பாய்லர் அடுப்பு ஒன்றை அவற்றோடு சேர்த்துவிடலாமே என்பது அவர்கள் எண்ணம். இது செய்யத்தக்கதே. ஆயினும் முறை தவறின் உயிருக்கே ஆபத்து விளைவிப்பதாகும்.

நம் நாட்டில் லடாக், காஷ்மீர், இமாசலப் பிரதேசம் ஆகிய மலைப்பகுதிகளில் புகாரி என்னும் இரும்புக் கணப்படுப்பு வழக்கில் உள்ளது. அங்கே சில விடுதிகளிலும் அலுவலகங்களிலும் வெந்நீர்க் குழாய் அமைப்பும் உண்டு. ஆகவே அப்பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர் இவ்விணைப்பின் விதிகளை அறிந்திருத்தல் நலம். ஆசிரியர்களுக்கோ, வெப்பச்சலனம், நீரின் விரிவு, கொதிநிலை, அழுத்தம் ஆகிய பாடங்கள் அனைத்தும் ஒரே சாதனத்தில் வந்து கூடும் நல்லதோர் எடுத்துக்காட்டு இது.

பாய்லர் அடுப்பு என்பது யாது?

கதவுடைய இரும்புக் கணப்படுப்பின் பின்புறத்திலும் பக்கங்களிலும் இரட்டைச் சுவர் அமைத்து, அச்சுவர்களின் இடையே நீர் நிரப்பினால் அது பாய்லர் அடுப்பு ஆகிறது. விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அடுப்பின் முகப்பின் வழியே அறைக்குச் செல்லும். மற்றொரு பகுதி நீருக்குச் செல்லும். நாம் இக்கட்டுரை முழுவதும் ஓர் அடுப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மொத்த ஆற்றல் 12 கிலோவாட். அதில் அறைக்குச் செல்வது 4 கிலோவாட், நீருக்குச் செல்வது 8 கிலோவாட். இரட்டைச் சுவரினிடையே உள்ள நீர் 20 லிட்டர்.

அணைக்க முடியாத தீ

எரிவாயுக் கொதிகலனுக்கும் விறகடுப்புக்கும் உள்ள தலையாய வேற்றுமை, தீயை நிறுத்தும் திறனில் உள்ளது. நீர் போதிய அளவு சூடேறியதும் தெர்மாஸ்டாட் எரிவாயுவை மூடிவிடும். கணத்தில் தீ அணையும். மின்சாரம் நின்றாலும் அவ்வாறே. விறகடுப்பில் காற்று வரும் வழியை அடைத்தால் தீ தணியுமேயன்றி உடனே அணையாது. உள்ளே இட்ட விறகு எரிந்து தீரும்வரை வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும்.

இவ்வெப்பத்தின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி வெப்பம் அடங்கியுள்ளது. 3 கிலோ விறகை இட்டால் 12 கிலோவாட்-மணி. அடுப்பின் திறன் நூற்றுக்கு எழுபது எனின், பயன்படுவது 8.4 கிலோவாட்-மணி. அதில் மூன்றில் இரு பங்கு, அதாவது சுமார் 5.6 கிலோவாட்-மணி நீருக்குச் செல்லும். இது 20,000 கிலோஜூலுக்குச் சமம்.

இப்போது மின்சாரம் நின்று பம்பு ஓயவே, அடுப்பிலுள்ள நீர் நகராமல் தேங்கிவிட்டது என்று கொள்வோம். 20 லிட்டர் நீரை 70 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த வேண்டிய வெப்பம் சுமார் 2,520 கிலோஜூல் மட்டுமே. வினாடிக்கு 8 கிலோஜூல் வீதம் நீரில் வெப்பம் சேரும் அடுப்பில் இதற்கு ஐந்து நிமிடத்திற்குச் சற்றே கூடுதலான நேரம் போதும். அதன் பின்னரும் விறகில் எஞ்சியுள்ள வெப்பம் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்க வல்லது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு கிலோ நீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 கன மீட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே ஒருமுறை இட்ட விறகே 12 கன மீட்டருக்கு மேற்பட்ட ஆவியை உண்டாக்கக்கூடும். அந்த ஆவிக்கு வெளியேற வழியில்லையாயின் விளைவு யாதென்று கூற வேண்டுவதில்லை.

இதிலிருந்து இணைப்பு வேலை முழுமைக்கும் அடிப்படையான விதி ஒன்று கிடைக்கிறது. மின்சாரம் இருப்பினும் இல்லாவிடினும், மனிதர் அருகில் இருப்பினும் இல்லாவிடினும், தீயின் வெப்பம் வெளியேற ஒரு வழியும், ஆவி வெளியேற ஒரு வழியும் எந்நேரமும் திறந்தே இருத்தல் வேண்டும். மற்ற விதிகள் யாவும் இவ்விதியின் கிளைகளே.

நம் வீட்டுச் செப்புப் பாய்லர்

தமிழ்நாட்டு வீடுகளில் குளிப்பதற்கு வெந்நீர் போடப் பயன்பட்டு வந்த செப்புப் பாய்லரைப் பலரும் அறிவர். நடுவே தீ எரியும் குழல். அதனைச் சூழ்ந்து நீர். மேலே தண்ணீர் ஊற்றும் புனல். பக்கத்தில் வெந்நீர் வழியும் மூக்கு. புனலில் குளிர்ந்த நீரை ஊற்றினால், அந்த அளவு வெந்நீர் மூக்கு வழியே வெளிவரும். புனலும் மூக்கும் மூடப்படாதிருப்பதால், நீர் எவ்வளவு கொதித்தாலும் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. ஆவி பறந்துவிடும், அவ்வளவே. எளிய இப்பாத்திரத்தில் மேற்கூறிய விதியின் ஒரு பாதி அடங்கியிருக்கிறது. பிரிட்டனின் பாய்லர் அடுப்புகளில் வழிவழியாகக் கையாளப்பட்டு வரும் திறந்த அமைப்பும் இதே கருத்தை விரிவாக்கியதேயாகும்.

முன்னரே உள்ள அமைப்பு எவ்வகை?

வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய முதற்செய்தி, வீட்டிலுள்ள அமைப்பு திறந்ததா மூடியதா என்பது.

திறந்த அமைப்பில், வீட்டின் கூரையடியில் சிறிய மேல்தொட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஊட்டுக் குழாய் கீழே இறங்கி அமைப்பினுள் நீரை நிரப்பும். மற்றொரு குழாய் அமைப்பிலிருந்து மேலேறி, தொட்டியின் நீர்மட்டத்தைக் கடந்து, வளைந்து, தொட்டியின்மேல் வாய் திறந்து நிற்கும். இதனை ஆவிபோக்குக் குழாய் எனலாம்.

மூடிய அமைப்பில் மேல்தொட்டி இல்லை. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் நீர் அடைபட்டிருக்கும். சூடேறிய நீரின் விரிவை ஏற்பதற்கு ரப்பர்ச் சவ்வு பொருந்திய விரிவுக் கலம் ஒன்றும், அழுத்தம் 3 பார் அளவை எட்டினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றும் இருக்கும். எரிவாயுக் கொதிகலனுக்கு இது போதும். ஏனெனில் அதன் தீ தானே அணையும்.

விறகடுப்பை இத்தகைய மூடிய அமைப்பில் நேரே இணைத்தலாகாது என்பதன் காரணத்தை இயற்பியல் தெளிவாக்கும். 3 பார் அழுத்தம் காற்றழுத்தத்திற்கு மேலாக நிற்கும்போது நீரின் கொதிநிலை 100 டிகிரி அன்று. ஏறக்குறைய 143 டிகிரி ஆகும். அந்நிலையில் எங்கேனும் உலோகம் பிளந்தால், அழுத்தம் திடீரெனக் குறைய, நீரில் பன்னிரண்டில் ஒரு பங்கு கணத்தில் ஆவியாக மாறும். 20 லிட்டர் நீரிலிருந்து சுமார் 2.5 கன மீட்டர் ஆவி ஒரே நொடியில் அறையினுள் பீறிடும். பாதுகாப்பு வால்வு ஒன்றையே நம்பியிருப்பது ஏன் தகாது என்பது இப்போது விளங்கும். அது துருப்பிடித்து இறுகினால் வேறு காவல் இல்லை.

பம்பு இல்லாமல் நீர் ஓடும் விதம்

வெப்பம் வெளியேறும் வழி மின்சாரத்தை நம்பியிருத்தலாகாது என்றோம். மின்சாரம் இல்லாமல் நீரை ஓடச் செய்வது வெப்பச்சலனமே. 80 டிகிரியில் ஒரு கன மீட்டர் நீரின் எடை சுமார் 972 கிலோ. 60 டிகிரியில் சுமார் 983 கிலோ. அடுப்பின் நடுமட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மாடியில் ஒரு ரேடியேட்டர் உள்ளது எனக் கொள்வோம். மேலேறும் குழாயில் 80 டிகிரி நீரும், இறங்கும் குழாயில் 60 டிகிரி நீரும் இருப்பின், இறங்கும் நீர்த்தூண் கனமானது. இவ்வேற்றுமை 34 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தத்திற்குச் சமம். வீட்டுப் பம்பு 4 முதல் 6 மீட்டர் நீர்த்தூண் அளவு உந்த வல்லது. ஆகவே இயற்கைச் சுழற்சியின் உந்தல் அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆயினும் இச்சிறு உந்தல் போதியதே. ஒரு நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர், 20 டிகிரி குளிர்ந்து திரும்பினால், 1.5 கிலோவாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும். ஆனால் உந்தல் சிறியதாகையால் அதன் பாதையில் தடை இருத்தல் கூடாது. இதிலிருந்து பின்வரும் விதிகள் பிறக்கின்றன.

முதலாவது, இயற்கைச் சுழற்சிக்குரிய குழாய்கள் அகன்றவையாக இருத்தல் வேண்டும். பிரிட்டனில் 28 மில்லிமீட்டர் செப்புக் குழாய் வழக்கத்தில் உள்ளது. இரண்டாவது, அடுப்பிலிருந்து மேலேறும் குழாய் எங்கும் தாழாமல் தொடர்ந்து ஏறிச் செல்ல வேண்டும். இடையில் மேடு இருப்பின் அங்கே காற்றுக் குமிழ் தங்கி, ஓட்டத்தை அடைத்துவிடும். மூன்றாவது, வளைவுகள் குறைவாகவும் நீண்டவையாகவும் இருக்க வேண்டும். நான்காவது, இப்பாதையில் கையால் மூடக்கூடிய வால்வு எதுவும் இருத்தலாகாது. ஐந்தாவது, அடுப்பை ஒட்டிய குழாய்களும் இச்சுழற்சிக் குழாய்களும் உலோகத்தாலேயே ஆனவையாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கட்டுக்கடங்காத வெப்பத்தில் இளகும்.

இப்பாதையின் மறுமுனையில் உள்ள ரேடியேட்டரை வெப்பப்போக்கு ரேடியேட்டர் எனலாம். அதன் திருகுப் பிடியையும் தெர்மாஸ்டாட் வால்வையும் நீக்கிவிட வேண்டும். அறை சூடாகிவிட்டது என்று எவரும் அதை மூடிவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. குளியலறை இதற்கு ஏற்ற இடம். குளிப்பதற்குரிய வெந்நீர்த் தொட்டியின் சுருள்குழாயும் இச்சுழற்சியில் சேரலாம். ஆனால் அத்தொட்டி முழுதும் சூடேறிய பின்னர் அது வெப்பத்தை ஏற்காது. எனவே ரேடியேட்டருக்கு அது மாற்றாகாது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வீச வேண்டும் என்பதற்கு அடுப்பைச் செய்தவர் தரும் குறிப்பே அளவுகோல்.

ஆவிபோக்குக் குழாயும் மேல்தொட்டியும்

வெப்பப்போக்கு ரேடியேட்டர் முதற்காவல். ஆவிபோக்குக் குழாய் இறுதிக் காவல். இக்குழாய் அடுப்பின் உச்சியிலுள்ள துளையிலிருந்து புறப்பட்டு, இடையறாது ஏறி, மேல்தொட்டியின் மேலே திறக்க வேண்டும். அதன் விட்டம் 22 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஊட்டுக் குழாய் தனியாக இறங்கி, குளிர்ந்த நீர் திரும்பும் பாதையில் சேரும். அதன் விட்டம் குறைந்தது 15 மில்லிமீட்டர். இவ்விரு குழாய்களிலும் வால்வு இருத்தல் அறவே கூடாது.

அடுப்பு மிகச் சூடேறினால் கொதிநீரும் ஆவியும் மேலேறித் தொட்டியில் விழும். ஊட்டுக் குழாய் வழியே ஒப்புநோக்கக் குளிர்ந்த நீர் இறங்கி அடுப்பை நிரப்பும். ஆகவே இவ்வேற்பாடு ஆவியைப் போக்குவதோடு அடுப்பைக் குளிர்விக்கவும் செய்கிறது.

மேல்தொட்டி கொதிநீரைத் தாங்கும் பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி கொதிநீரில் இளகி உடைந்தால், அதன் அடியில் உறங்குபவர்மேல் கொதிநீர் கொட்டும். தொட்டியின் அடிப்பரப்பு முழுவதையும் தாங்கும் உறுதியான பலகை இருத்தலும் இன்றியமையாதது.

இணைக்கும் முறைகள் மூன்று

முதல் முறை, திறந்த அமைப்புக்கு உரியது. விறகடுப்பின் குழாய்களும், பழைய கொதிகலனின் குழாய்களும், ரேடியேட்டர்களுக்குச் செல்லும் குழாய்களும் அகன்ற இணைப்புப் பெட்டி ஒன்றில் வந்து கூடும். பெட்டி அகலமாக இருப்பதால் அதனுள் அழுத்த வேற்றுமை மிகக் குறைவு. எனவே ஒரு பம்பு மற்றொன்றின் பாதையில் நீரைத் தள்ளாது. இப்பெட்டியின்றி இரு பாதைகளையும் வெறும் இணைப்புகளால் சேர்த்தால், ஒரு பம்பு ஓடும்போது அணைந்திருக்கும் அடுப்பின் வழியே வெந்நீர் திரும்பி ஓடி, எரிவாயுவின் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். இதனைத் தடுக்கப் பம்பு உள்ள கிளைகளில் ஒருவழி வால்வு வைக்கலாம். இயற்கைச் சுழற்சிப் பாதையில் மட்டும் அதனை வைத்தலாகாது.

இரண்டாம் முறை, மூடிய அமைப்பு உள்ள வீட்டுக்கு உரியது. பழைய அமைப்பு மூடியதாகவே இருக்கும். விறகடுப்புக்கு மட்டும் தனியே மேல்தொட்டியும் ஆவிபோக்குக் குழாயும் அமைக்கப்படும். இரு நீரும் கலவாமல், மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கிய வெப்பமாற்றி ஒன்றின் இருபுறமும் ஓடும்; வெப்பம் மட்டும் தகடுகளைக் கடக்கும். இவ்வெப்பமாற்றியின் சந்துகள் மிகக் குறுகியவை. அவற்றின் வழியே நீர் ஓடப் பம்பு வேண்டும். ஆகையால் மின்சாரம் நின்றால் இவ்வழி அடைபட்டதாகவே கருத வேண்டும். அடுப்பின் பக்கத்திலேயே வெப்பப்போக்கு ரேடியேட்டர் இருத்தல் இம்முறையில் மிக மிக அவசியம்.

மூன்றாம் முறையில் பெரிய வெப்பச் சேமிப்புத் தொட்டி ஒன்று நடுவே வைக்கப்படும். விறகடுப்பு அதனைச் சூடாக்கும். பழைய கொதிகலன், தேவைப்படும்போது, அதற்கு உதவும். வீடு அதிலிருந்து வெப்பத்தைப் பெறும். 500 லிட்டர் நீர் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உயர்ந்தால் 23 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட வெப்பம் அதில் சேரும். நம் எடுத்துக்காட்டு அடுப்பு மூன்று மணி நேரம் முழுமூச்சாக எரிந்து நீருக்குத் தரும் வெப்பத்தை ஏறக்குறைய முழுவதும் இத்தொட்டி ஏற்றுக்கொள்ளும். மாலையில் மூட்டிய தீயின் பயனை விடியற்காலையில் பெறலாம். அடுப்பும் காற்றை அடைத்துப் புகைய விடாமல் நன்றாக எரியலாம். செலவும் இடமும் மிகுதி எனினும், மூன்றனுள் சிறந்தது இதுவே.

ஐரோப்பாவின் சில நாடுகளில், இதற்கென்றே செய்யப்பட்ட அடுப்புகளை மூடிய அமைப்பிலும் இணைக்கின்றனர். அவற்றின் நீர்க்கலனுள் குளிர்நீர்ச் சுருள் ஒன்று உள்ளது. கலனின் நீர் சுமார் 95 டிகிரியை எட்டியதும், மின்சாரமின்றித் தானே இயங்கும் வால்வு ஒன்று திறந்து, தெருக்குழாய் நீரை அச்சுருளில் பாய்ச்சிக் கலனைக் குளிர்விக்கும். தெருக்குழாயில் எப்போதும் நீர் வரும் ஊருக்கே இது பொருந்தும். வீட்டு நீரே மின்சாரப் பம்பால் ஏற்றப்படும் இடத்தில், மின்சாரம் நின்றால் இக்காவலும் நின்றுவிடும்.

திரும்பும் நீரின் வெப்பநிலை

இதுவரை மிகுந்த வெப்பத்தால் வரும் தீங்கைக் கண்டோம். குறைந்த வெப்பத்தாலும் தீங்கு உண்டு. நூற்றுக்கு இருபது பங்கு ஈரமுள்ள ஒரு கிலோ விறகு எரியும்போது, அதிலுள்ள ஈரமும், விறகின் ஹைட்ரஜன் எரிவதால் உண்டாகும் நீரும் சேர்ந்து அரை லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாகப் புகையுடன் செல்கிறது. வீட்டைச் சுற்றிக் குளிர்ந்த நீர் நேரே அடுப்புக்குத் திரும்பினால், கலனின் சுவர் குளிர்ந்து, அதன்மீது இவ்வாவி நீராகப் படியும். அந்நீருடன் அமிலங்களும் தாரும் சேர்ந்து எஃகை அரிக்கும். புகைபோக்கியில் தார் படிந்து பின்னர்த் தீப்பற்றும்.

இதனைத் தவிர்க்க, திரும்பும் நீரின் வெப்பநிலை 55 டிகிரிக்குக் குறையாதபடி, அடுப்பிலிருந்து வரும் வெந்நீரில் ஒரு பகுதியைக் கலந்து அனுப்பும் கலப்பு வால்வு பொருத்தப்படும். வெளிக்குழாயில் கட்டிய தெர்மாஸ்டாட் ஒன்று, நீர் சுமார் 60 டிகிரியை அடைந்த பின்னரே பம்பை இயக்கும். கலப்பு வால்வும் பம்பும் ரேடியேட்டர்களுக்குச் செல்லும் பாதைக்கு உரியவை. இயற்கைச் சுழற்சிப் பாதையில் அவை குறுக்கிடலாகாது.

விறகின் உலர்ச்சியும் இங்கே முக்கியம். இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்னும் விதி நடைமுறையில் உள்ளது.

காற்றும் புகையும்

அடுப்பு எரிய வேண்டிய காற்று அறையிலிருந்தே செல்கிறது. கதவு சன்னல்களை இறுக மூடினால் காற்றுக் குறைந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறையில் சேரும். இங்கிலாந்தின் கட்டிட விதிகளின் ‘ஜே’ ஆவணம் இதற்கு அளவு கூறுகிறது. காற்று ஓரளவு கசியும் பழைய வீடுகளில், 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள, மூட முடியாத காற்றுத் துளை இருத்தல் வேண்டும். நம் 12 கிலோவாட் அடுப்புக்கு 3,850 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கம் 62 மில்லிமீட்டர் உள்ள சதுரத் துளை தேவை. புதிய விறகடுப்பு பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைத்தலும் 2010ஆம் ஆண்டு முதல் அங்கே விதியாக உள்ளது. அடுப்பைப் பொருத்துவோர், அதற்கெனப் பதிவு பெற்ற தொழிலாளராக இருத்தல் வேண்டும்; இல்லையேல் உள்ளூராட்சியின் கட்டிடப் பிரிவுக்கு அறிவித்துச் சோதனை பெறுதல் வேண்டும்.

உயர்ந்த மலைப்பகுதிகளில் மேலும் கவனிக்க வேண்டியவை

லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் மூன்றில் இரு பங்கே. ஆதலால் திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கும். முன்பு செய்த கணக்கை இங்கே மீண்டும் செய்து பார்ப்போம். 70 டிகிரியிலுள்ள தேங்கிய நீர் கொதிநிலையை எட்ட 18 டிகிரியே ஏற வேண்டும். ஐந்து நிமிடம் மூன்று நிமிடமாகக் குறைகிறது. சமவெளிக்கென 90 டிகிரியில் எச்சரிக்குமாறு அமைத்த கருவி, நீர் கொதித்த பின்னும் வாளாவிருக்கும். ஆகவே அவ்வூரின் கொதிநிலையை அறிந்து, கருவிகளை அதற்கேற்பத் தாழ்த்தி அமைத்தல் வேண்டும்.

குளிரால் வரும் ஆபத்து இதனினும் பெரிது. கூரையடியில் உள்ள மேல்தொட்டியும், ஆவிபோக்குக் குழாயும், ஊட்டுக் குழாயும் பனியால் உறைந்துவிட்டால், திறந்த அமைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் மூடிய அமைப்பாகிவிடும். அதனை அறியாது அடுப்பை மூட்டினால், வழியற்ற ஆவி கலனைப் பிளக்கும். மேல்தொட்டியை வீட்டின் கதகதப்பான பகுதிக்குள்ளேயே அமைத்தல், குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை இடுதல், வீடு பல நாள் ஆளின்றிக் கிடந்திருப்பின் தொட்டியையும் குழாய்களையும் பார்த்த பின்னரே தீ மூட்டுதல் ஆகியவை கட்டாயம். காற்றின் அடர்த்தி குறைவாகையால் புகைபோக்கியின் இழுப்பும் குறையும் என்பதனையும் நினைவிற் கொள்க.

பயன்படாது போன நீர்க்கலனைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பழைய கணப்பின் பின்னே கைவிடப்பட்ட நீர்க்கலனில் நீரைத் தேக்கி, இருபுறமும் குழாயை அடைத்து விட்டுவிட்டு, பிற்காலத்தில் அக்கணப்பில் தீ மூட்டினால் கலன் வெடிக்கும். அதனைக் கழற்றி எடுத்தல் வேண்டும். இயலாதாயின் நீரை வடித்துத் துளையிட்டு விடுதல் வேண்டும்.

களப்பணியாளர் சோதிக்க வேண்டியவை

1. ஆவிபோக்குக் குழாய் அடுப்பிலிருந்து தொட்டி வரை தாழாமல் ஏறுகிறதா? அதில் வால்வு உண்டா?
2. ஊட்டுக் குழாய் தனியே உள்ளதா? தொட்டியில் நீர் நிற்கிறதா?
3. வெப்பப்போக்கு ரேடியேட்டரை யாரேனும் மூடக்கூடுமா?
4. இயற்கைச் சுழற்சிப் பாதையில் பம்பு, ஒருவழி வால்வு, பிளாஸ்டிக் குழாய் ஏதேனும் உண்டா?
5. மின்சார வால்வு இருப்பின், மின்சாரம் நின்றதும் அது திறந்த நிலைக்கு வருகிறதா?
6. காற்றுத் துளை அடைபடாமல் உள்ளதா? புகைபோக்கி துப்புரவாக உள்ளதா?
7. சிறு தீயை மூட்டி, நீர் சூடானதும் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். வெப்பப்போக்கு ரேடியேட்டர் சிறிது நேரத்தில் சூடேறுகிறதா?

ஏழாவது சோதனையில் ரேடியேட்டர் குளிர்ந்தே இருப்பின், மற்றவை எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், அவ்வமைப்பைப் பயன்படுத்த இசைவு தருதல் கூடாது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

செவ்வக வடிவில் வளைத்து, மேற்பக்கத்தில் வாய் திறந்த கண்ணாடிக் குழாயை நீரால் நிரப்புக. வாயின் வழியே பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றை இடுக. ஒரு பக்கத்தின் அடிமூலையைச் சிறு சுடரால் சூடாக்கினால், சிவந்த நீர் அப்பக்கத்தில் மேலேறி மறுபக்கத்தில் இறங்குவதைக் காணலாம். பின்னர்ப் புதிய நீர் நிரப்பி, மேல்மூலையில் சூடாக்குக. ஓட்டம் மிகக் குறைவாகவே இருக்கும். அடுப்பு தாழ்ந்தும் ரேடியேட்டர் உயர்ந்தும் இருக்க வேண்டியதன் காரணத்தை மாணவர் தாமே கூறுவர். எச்சரிக்கை: குழாயின் வாயை எக்காரணத்தாலும் தக்கையால் அடைத்தல் கூடாது. ஏன் என்று மாணவரையே கேட்கலாம். அவ்விடையே இப்பாடத்தின் சாரம்.

பயிற்சி வினாக்கள்

1. நீருக்கு 6 கிலோவாட் வெப்பம் தரும் அடுப்பின் கலனில் 15 லிட்டர் நீர் உள்ளது. பம்பு நின்றபோது நீர் 65 டிகிரியில் இருந்தது. சமவெளியில் அது கொதிக்க எவ்வளவு நேரமாகும்? லே நகரில் எவ்வளவு நேரமாகும்?
2. செப்புப் பாய்லரின் புனலுக்கும் மூக்கிற்கும் மூடி போட்டால் அது எவ்வகை அமைப்பாக மாறும்?
3. எரிவாயுக் கொதிகலனுக்கு வெப்பப்போக்கு ரேடியேட்டர் தேவைப்படாதது ஏன்?

ஒரு வீட்டில் இருவகைத் தீ இருத்தல் வசதியானதே. ஆனால் அவற்றுள் ஒன்று கட்டளைக்கு அடங்குவது. மற்றொன்று தன் விறகு தீரும்வரை அடங்காதது. பின்னதன் இயல்பை அறிந்து, அதன் வெப்பத்திற்கும் ஆவிக்கும் எந்நாளும் வழிவிட்டு வைப்பவரே, அதன் பயனை அச்சமின்றி நுகர்வர்.